ஏழுமலைக்கு நான்தான் வக்கீல்

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு தரும் இலவச சட்ட உதவியில் நான் வழக்கு நடத்துகிறேன். உத்திரமேரூரில் நெல் மூட்டை சுமக்கும் ஏழுமலையின் வழக்கும் அப்படித்தான் என்னிடம் வந்தது. வயல் மோட்டாரைத் திருடியதாகச் சொல்லி அவரைச் சிறையில் வைத்திருந்தார்கள். மற்ற வழக்குகளின் அவசரத்தில் நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. ஜாமீன் மனுவும் போடவில்லை. அப்படியே இரண்டு வாய்தா கடந்துவிட்டது.

மூன்றாவது வாய்தா அன்று நீதிமன்ற வராந்தாவில் போலீஸ்காரர் பக்கத்தில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். நான் அவர் பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"நீங்கதான் என் வக்கீலா சார்? கருப்பு கோட்டு போட்டுக்கினு யாரு வந்தாலும் எழுந்து நின்னு பாத்துக்கினே இருந்தேன். ஒருத்தரும் என் பேரைக் கேக்கல."

குரலில் கோபமே இல்லை.

"பொண்ணு நடக்கறாளாம் சார், வூட்டுல சொல்லிச்சு. நான் உள்ள வரும்போது தவந்துக்கினு இருந்தா."

அன்றே மனு போட்டேன். அந்த வாரமே ஜாமீன் கிடைத்தது.

அவர் ஊர் திரும்பிய அன்று நானும் பேருந்து நிலையத்துக்குப் போனேன். மண்டியிட்டு, மனைவியோடு காத்திருந்த மகளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார். அவரை அடையாளம் தெரியாத குழந்தை தத்தித் தத்தி நடந்து, அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"போகப் போக என்கிட்ட பயகிடும் சார்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

பிறகு வழக்கிலிருந்தும் அவர் விடுதலையானார். இப்போது வழக்கு கைக்கு வந்த மறுநாளே சிறைக்குப் போய்விடுகிறேன். ஆனாலும் தத்தி நடக்கும் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும், அவர் மகள் நடக்கப் பழகிய அந்தச் சில நாட்களை மட்டும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாதா என்று மனசு ஏங்குகிறது.