திருப்பி விடுகிற மீன்

போன கிழமை அவ்வொகாத்தோவின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். மலையில் இருக்கிற மீன்பிடி வீட்டை விற்கப் போகிறார்களாம், உள்ளே கிடக்கிற சாமான்களை ஒதுக்கித் தர வரமுடியுமா என்று கேட்டார். அவ்வொகாத்தோ என்றால் வழக்கறிஞர். அவர் இறந்து எத்தனையோ வருடமாகியும் எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. இத்தாலிக்கு, பலேர்மோ நகரத்துக்கு வந்த புதிதில் நான் வேலை செய்தது அவரிடம்தான்.

அங்கே அலமாரியைத் திறந்தால், நெஞ்சுவரைக்கும் வருகிற அவருடைய ரப்பர் காற்சட்டை ஆணியில் தொங்குகிறது. ரப்பரும் பாசியும் சேர்ந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. செத்த மனுசனோடு கோபிக்கக்கூடாது, தெரியும். ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அவரும் மூன்று மச்சான்மாரும் சேர்ந்து வைத்திருந்த மீன்பிடிக் கழகம் அது. ஒரு துண்டு ஆறு, ஒரு கல்வீடு, சுற்றிக் கம்பிவேலி. அவர்களுடைய தகப்பன்மார் தொடங்கியது. வெளியாள் ஒருவருக்கும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசையையும் விட்டுவிட்டு அவரோடு இரண்டு மணி நேரம் காரில் போவேன். பையைத் தூக்குவது, சமைப்பது, அவர் மீன் பிடித்தால் கைவலையை நீட்டுவது, இவ்வளவுதான் வேலை. மன்னார்க் கடலில் பத்து வயதிலிருந்து தொழில் செய்தவனுக்கு, பட்டாம்பூச்சி பிடிக்கிற அளவில் ஒரு வலை!

அவர்கள் புழு போடுவதில்லை. கோழி இறகை நூலால் சுற்றிப் பூச்சிபோலச் செய்து, அதைக் கொக்கியில் வைத்துத் தண்ணீர்மேல் எறிவார்கள். முதல் நாள் துரோத்தா என்கிற ஆற்றுமீன் ஒன்று மாட்டியது. உடம்பெல்லாம் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி, நல்ல வடிவான மீன். அவர் கையை நனைத்து, கொக்கியைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் வைத்தார். அது போய்விட்டது. கிழவனுக்குக் கை வழுக்கிவிட்டதாக்கும் என்று நினைத்து, நான் போட்ட உடுப்போடு குதித்துவிட்டேன். பிடித்தும்விட்டேன். இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுகிறேன், நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பிறகு என்னையே திருப்பி விடச் சொன்னார்கள்.

பிடிக்கிற எல்லா மீனையும் திருப்பி விடவேண்டும். அதுதான் கழகத்தின் சட்டம். மத்தியானம் அவர்கள் சாப்பிட்டது என்ன தெரியுமா? பாஸ்தா, அதற்குள் தகரத்தில் அடைத்த சூரை மீன். ஆற்றங்கரையில் குந்தியிருந்து நானே அந்தத் தகரத்தை வெட்டித் திறந்தேன்.

இதெல்லாம் என் மனைவி ரீட்டா வயிற்றோடு இருந்தபோது. பலேர்மோவில் சீசா என்கிற பகுதியில், மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. எதைச் சாப்பிட்டாலும் சத்தி. அவளைச் சிரிக்க வைக்கலாமென்று குதித்த கதையைச் சொன்னேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மீனின் புள்ளிகளையும் வர்ணித்தேன். பிடித்தது வினை.

"எனக்கு அந்த மீன் வேணும்," என்றாள். "தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைச்சுத் தந்தா நான் சோறு தின்னுவன்."

"அதைக் கொண்டுவர விடாங்களப்பா."

"ஆசைப்பட்டதைத் தின்னாட்டிப் பிள்ளைக்குக் காது வடியும். பிறகு என்னைக் கேக்கக்கூடாது."

கடையில் துரோத்தா வாங்கிக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது தொட்டியிலை வளந்த மீன். எங்கை சிவப்புப் புள்ளி?" மீனவன் மகளை ஏமாற்ற முடியுமா? கடைசியில் வெட்கத்தை விட்டு அவ்வொகாத்தோவிடமே கேட்டேன். தன் தகப்பன் போட்ட சட்டம், தானே ஒன்றுகூட ருசி பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. வாரம் தவறாமல் என் கைவலைக்குள் வந்து வந்து போகிற மீன், என் வீட்டுச் சட்டிக்கு வராது!

மீன்பிடிப் பருவத்தின் கடைசி ஞாயிறு அவருக்குத் தோள்வலி. தூண்டில் தடியை என் கையில் தந்தார். "முதல் வாற மீன் உன்ரை மனுசிக்கு. என்ரை அப்பாவோடை நான் கதைக்கிறன்," என்றார். இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். கிழவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

பார்த்துப் பழகிய வித்தைதானே, எறிந்தேன். நாலு தடவை பற்றைக்குள் சிக்கியது. ஐந்தாவது தடவை மரநிழலில் பூச்சி பூப்போல விழுந்தது. தண்ணீர் பிளந்தது. நான் அதுவரை பார்த்ததிலேயே பெரிய மீன், என் முழங்கை நீளம் இருக்கும்.

"பியானோ, பியானோ!" மெல்ல, மெல்ல என்று அவர் கத்துகிறார். மெல்லவா? கடலில் பாரை கடித்தால் தோளிலிருந்து சுண்டி இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் கொக்கி ஏறாது. என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சுண்டி இழுத்தேன். தலைமயிரிலும் மெல்லிய தங்கூசி நூல், டப்பென்று அறுந்தது. பூச்சியோடு மீன் போய்விட்டது. பொழுதுபடுமட்டும் எறிந்தேன். ஒன்றும் வரவில்லை.

வெறுங்கையோடு போய் நின்றேன். ரீட்டா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த பருவம் திறக்க முன்னமே பிள்ளை பிறந்துவிட்டது. அவ்வொகாத்தோவுக்கும் கை வழங்காமல் போய், மலைக்குப் போவதும் நின்றது. மகளுக்குக் காது வடியவில்லை. ஆனால் சளி பிடித்து அவள் காதைத் தொட்டபோதெல்லாம் ரீட்டா என்னைத்தான் பார்த்தாள்.

சாமான்களைக் கட்டிவைத்துவிட்டு ஆற்றுக்கு இறங்கிப் போனேன். ஆறு இல்லை. மழையில்லாத வருடங்கள் அதைக் குடித்துவிட்டன. வெள்ளைக் கல்லும் வெடித்த சேறும்தான். ஒரு கர்ப்பிணிக்கு ஒன்று தரமாட்டோம் என்று வேலி போட்டுக் காத்தார்களே, அத்தனையும் சேற்றுக்குள் செத்திருக்கும். ஒருவர் வாய்க்கும் போகாமல்.

ரீட்டாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஆறு வத்திப் போச்சு. ஒரு மீனும் இல்லை."

சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஒண்டுகூட இல்லையோ?" என்று கேட்டாள். "வடிவாப் பாத்தனீங்களோ?"

ஓம் என்றேன். பிறகும் போனை வைக்காமல், அந்தக் காய்ந்த ஆற்றில் மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.