சலீம் பாய் லாரியின் ஓட்டை

லாரி கேபினில் துரு உள்ளங்கை அகலம் தெரிந்தால் உள்ளே ஒரு முழம் போயிருக்கும் என்பது, என்னைப்போல் தகரத்தோடு மல்லுக்கட்டும் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காலடியில் ரோடு

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் எங்கள் டிங்கரிங் பட்டறை. மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் அடிக்கும் சலீம் பாய் தன் பழைய டேங்கர் லாரியோடு வந்தார். மறுநாள் காலை வண்டிக்கு எஃப்.சி. தகுதிச் சோதனை; தேறாவிட்டால் வண்டி காயலாங்கடைக்கு, பாய் வீட்டுக்கு. டிரைவர் சீட் முன்னால் ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். தரையே இல்லை, கீழே புல் ஆடிக்கொண்டிருந்தது. பாய்க்கு ஒரே கவலைதான்: "அந்த ஓட்டைய மட்டும் உட்ருண்ணா, ரோடு ஓடறத பாத்துகினு போனாதான் எனக்குத் தூக்கம் வராது."

காற்று வாங்கிய கேபின்

ஓட்டையோடு எஃப்.சி. கிடைக்காது என்று அவரை அடக்கிவிட்டுத் துருவை வெட்டி எடுத்ததும் கேபினுக்குள் வெயிலும் ஏரிக்காற்றும் தாராளமாக வந்தன. கதவைக் கழற்றி வைத்துவிட்டு சீட்டில் சாய்ந்தேன். தூரத்துத் தண்ணீர் மினுமினுத்தது. லாரி நின்ற இடத்திலேயே மெல்லப் போவதுபோல் இருந்தது. அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. வெல்டர் அந்தோணிக்கு அதெல்லாம் பொறுக்காது: "ஏரி எங்கயும் போவாதுண்ணா, எறங்கு, மழை வர்றதுக்குள்ள முடிக்கணும்."

அந்தோணியின் அவசரம்

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்தோணி தரையையும் கதவோரத் தூணையும் முழுசாகப் பற்றவைத்துவிட்டான். கதவை மாட்டாமலே! சூட்டில் தகரம் இழுத்துக்கொண்டது. மாட்டிப் பார்த்தால் கதவு இரண்டு விரற்கடை வெளியே நின்றது. பாய் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "கதவு மூடலைன்னா எஃப்.சி. இல்ல, எஃப்.சி. இல்லைன்னா எனக்கு இன்னா கீது?"

மழை

தூணில் பற்றவைத்ததை அறுத்தோம். கதவை மாட்டி மூடி, பாயை உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஆறவிட்டு ஆறவிட்டுப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்தோம். முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மூவரும் கேபினில் ஒண்டிக்கொண்டோம். கூரையில் மழை தட்டியது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் மத்தியானம் பாய் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். எஃப்.சி. தேறிவிட்டது. போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்: "எல்லாம் சூப்பர்ண்ணா, ஆனா வண்டலூர்ல கண்ண சொருகிடுச்சு, சின்னதா ஒரு ஓட்டை போட்டுக் குடேன்."

துருவை வெட்டி எறிந்துவிடலாம் தோழர்களே, அதோடு பழகிப்போன மனுஷனுக்கு ஒட்டுப்போட இன்னும் தகரம் வரவில்லை.