செம்பியின் கவசம் ஏன் கழன்றது

என்னை நானே திட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஜெயப்பிரியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் எரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எல்லாம் என் புத்தியின் மேல்தான்.

காவாந்தண்டலத்துப் பெண் அவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலிக்குக் கழனி வேலை செய்கிறவர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு ஒரகடம் பக்கம் ஒரு லென்ஸ் கம்பெனியில் இரண்டு வருட காண்ட்ராக்டில் சேர்ந்தாள். நானும் அதே கம்பெனிதான். பெயர் ஜெனிஃபர், ஊர் மாகறல். அவளை விட ஐந்து வருடம் சீனியர். உத்திரமேரூரில் காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான் எங்கள் ஆட்டம்.

சென்னையில் காலேஜ் படிக்கிற என் சித்தி மகன் ஜான்சன் சொல்லிக்கொடுத்தது அது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ இருந்து, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். பஸ் போகிற போக்கில் பகடை எங்கே நிற்கும்? டிபன் பாக்ஸில் போட்டு, மூடிக் குலுக்கித் திறப்போம். கதை சொல்கிறவள் நான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற செந்தமிழன் ஒரு மல்லன். ஜெயப்பிரியா, செம்பி. நினைத்த மாத்திரத்தில் பருந்தாகவோ நரியாகவோ மாறத் தெரிந்த பெண். அவளை எப்படியெல்லாம் வரைந்து வைத்திருந்தாள் தெரியுமா! பழைய டைரி முழுக்கச் செம்பிதான். எட்டு மாதம் ஆடி, கதையில் ஒரு கிழட்டுக் கொல்லனுக்கு மூன்று உதவி செய்து, செம்பிக்கு ஒரு மார்புக் கவசம் வாங்கினாள். அன்றைக்கு பஸ்ஸுக்கே கடலை மிட்டாய் கொடுத்தாள் பைத்தியம்.

வாங்கி முதல் தடவை பருந்தாக மாறினாள். நான் சொன்னேன், கவசம் கழன்று தரையில் விழுந்தது என்று.

"ஏன்க்கா வியணும்? அவ கூடவே சேந்து மாறாதா?"

"மாறாது. ரூல்ஸு."

"பருந்து இரும்பு சட்டய மாட்டிக்கினு எப்டிம்மா பறக்கும்?" என்றான் செந்தமிழன். எல்லோரும் சிரித்தோம். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

அது எங்களுக்குத் துளியும் தப்பாகப் படவில்லை. ஏன் படவில்லை என்றால், தினம் எட்டு மணிக்கு நாங்கள் செய்வதே அதுதான். லென்ஸ் செய்கிற ஹாலுக்குள் தூசி போகக் கூடாது, உலோகம் போகக் கூடாது; இருந்தால் கேட்டில் விட மாட்டார்கள். கம்மல், கொலுசு, ஹேர்பின், என் சிலுவைச் செயின், எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டு லாக்கரில் வைத்துவிட்டு, தலை முதல் கால் வரை வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டால் யார் யாரென்று எங்களுக்கே தெரியாது. ஜெயப்பிரியாவுடையது திருகு மூக்குத்தி. தினமும் அந்தத் திருகு மக்கர் பண்ணும். மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "இத்த கயட்டி மாட்டறதுக்கே எனக்குத் தனியா ஒரு ஷிஃப்ட் போடணும்க்கா" என்பாள். ஆள் மாறினால் போட்டிருப்பதெல்லாம் கழலும். இது எங்களுக்குப் பாடம் படித்துத் தெரிய வேண்டிய விஷயமா?

அவள் ஒருத்தி மட்டும் விடவில்லை. வாரம் ஒரு தடவையாவது கேட்பாள். துணி மட்டுமாவது ஒட்டிக்கொள்ளாதா, மோதிரம் கால் நகமாக மாறாதா என்று ஏதாவது ஒரு நியாயம் கொண்டுவருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செம்பி மாறும்போதெல்லாம் அவள் மூட்டையைத் தூக்கிச் சுமந்தது செந்தமிழனின் மல்லன்தான். "நான் இன்னா உன் லாக்கரா?" என்று அவன் வேறு கத்துவான்.

போன மாதம் முப்பதோடு அவளுக்குக் காண்ட்ராக்ட் முடிவதாக இருந்தது. நீட்டிக்க மாட்டார்கள் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை புலம்பவில்லை. "நான் போறதுக்குள்ள செம்பிய அவ ஊர்ல கொண்டுபோய் வுட்டுடணும்க்கா. நடுவுல செத்துடக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். செம்பியின் ஊருக்கு ஏரித் தண்ணீர் வராமல் ஒரு கூட்டம் மதகுக்குள் உட்கார்ந்திருந்தது. அவர்களை விரட்டினால் கதை முடிந்தது.

இருபத்தொன்பதாம் தேதி மதகுக்கு வந்து சேர்ந்தோம். தண்ணீருக்கு அடியில் ஒரு சின்னப் பொந்துதான் வழி. செம்பி நீர்நாயாக மாறினாள். கவசம் கரையில் விழுந்தது. உள்ளே போய் மறுபடி பெண்ணாக எழுந்து நின்றபோது எதிரே ஒருவன் வில்லோடு நின்றான்.

ஜெயப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒரே ஒரு தபா. கவசம் மேலயே இருந்துச்சுன்னு வெச்சுக்கோயேன்."

வாலாஜாபாத் தாண்டி பஸ் ட்ராஃபிக்கில் நின்றிருந்தது. முந்தின நாள் சூப்பர்வைசரிடம் வாங்கிய பேச்சு எனக்கு இன்னும் தீரவில்லை. "ஒரே ஒரு தபான்னு போய் கேட்ல சொல்லிப் பாரேன், வுடறானா பாக்கலாம்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். வாயில் சனி.

கவசம் இருந்தால் குறைந்தது பதினேழு விழ வேண்டும், அம்பு தைக்க. இல்லாவிட்டால் பதினொன்று போதும். டிபன் பாக்ஸைக் குலுக்கித் திறந்தேன். பதினான்கு. செம்பி செத்துப்போனாள்.

ஜெயப்பிரியா டைரியை மூடிப் பைக்குள் வைத்தாள். மறுநாள், கடைசி நாள், டிரைவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் லாக்கர் சாவியை ஒப்படைத்துவிட்டு, எல்லோரிடமும் சிரித்துச் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜான்சனிடம் போனில் இதைச் சொன்னேன். "கவசம் ஏன்க்கா கழண்டுச்சு?" என்றான்.

"மாறினா கழலாதா?"

"யார் சொன்னது? அதை ஆடறவங்கதானே முடிவு பண்ணணும்? நான் அனுப்பின புக்கைப் படிக்கவே இல்லையா நீ?"

பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். நாலே வரி. உருவம் மாறுகிறவர் போட்டிருப்பது கீழே விழலாம், உடம்போடு கலந்து மறையலாம், அளவு பொருந்தினால் புது உடம்பின் மேலேயே இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியது மாறுகிறவர். பதினாலு மாதம்! அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. தெரிந்த விஷயத்தை எவள் போய்ப் படிப்பாள்?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் காவாந்தண்டலம் போனேன். யாருடைய கொல்லையிலோ பெண்களோடு உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து வேர்க்கடலை பறித்துக்கொண்டிருந்தாள். மூக்குத்தி போட்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"இது மொதல்லேர்ந்தே புக்குல கீதாக்கா?"

"கீது."

"செந்தமியன் அண்ணன் சிரிச்சுதே, அன்னிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சுடி."

"அப்ப பொயச்சிருப்பா. பதினாலுதானே வியுந்துச்சு."

"மன்னிச்சுக்கோடி. ஒண்ணும் கெட்டுப்போல. செம்பிய நான் எயுப்பிடறேன். அம்பு படலன்னு வெச்சுக்கலாம். போன்லயே ஆடி முடிச்சுடலாம், ஊர் போய்ச் சேந்துடுவா."

ஜெயப்பிரியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

"நான் கெஞ்சனப்ப ரூல்ஸுன்ன. இப்ப உனக்கு மனசு கேக்கலன்னு எயுப்பறேன்ற. அவ சாவறதும் பொயைக்கிறதும் உன் இஷ்டமாக்கா? என்னிய எப்பதான் கேப்ப?"

கேட்பதற்காகத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்ததிலிருந்து நான் அவளை ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்கவில்லை. அவள் போனை என் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்து அடுத்த செடியை எடுத்தாள்.