கீழ்வீட்டு டிவியின் எட்டு மணி

மனைவியின் தங்கைக்கு அது தலைப்பொங்கல். உடன்பிறந்த ஆண் இல்லாத வீடு. தென்காசியில் அவளுடைய மாமியார் வீட்டுக்குப் பிறந்தவீட்டுச் சீரான பொங்கல்படி கொண்டுபோக வேண்டியவர்கள் நாங்கள்தான். பொங்கலுக்கான ரயில் டிக்கெட் இரண்டு மாதம் முன்பே, காலை எட்டு மணிக்கு இணையத்தில் திறக்கும். கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தும்விடும்.

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக் கணினி பழையது. மின்சாரம் போய் வந்தால் அதன் கடிகாரம் என்றோ கழிந்த ஒரு வருடத்துக்கு ஓடிவிடும். தானாக நேரத்தைச் சரிசெய்யும் வசதியும் அதில் நின்றுபோயிருந்தது. செல்பேசித் திரையில் மணியும் நிமிடமும்தான் தெரியும். நொடி காட்டியது டிவியில் செய்திச் சேனலின் மூலையில் ஓடும் கடிகாரம். அதைப் பார்த்தே கணினியைத் திருத்திவைத்தேன்.

வியாழக்கிழமை ரயிலுக்கு எட்டு மணிக்குச் சரியாக அழுத்தினேன். காத்திருப்போர் பட்டியல் அதற்குள் நீண்டிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை ரயிலும் அப்படியே போனது. மிச்சம் சனிக்கிழமை ரயில் ஒன்றுதான்.

"இத்தனை வருஷம் பத்திரிகையில இருந்தீங்களே, ஒரு நாளாவது நேரத்துக்குச் செய்தி குடுத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

அன்று மாலை கிரிக்கெட். எங்கள் திரையில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கும்போதே கீழ்வீட்டில் "அவுட்டு!" என்று கூச்சல் எழுந்தது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தோம். கீழ்வீட்டுக்காரர் மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டுபவர். அண்ணாந்து சிரித்தார்.

"இன்னா சார், உங்க ஊட்ல அவன் இன்னும் ஓடியாந்துகினே கீறானா?"

"இப்பதான் கிளம்பறான்."

"இங்க அவுட்டானவன் பேடைக் கழட்டிட்டு டீயே குடிச்சிட்டான் சார்!"

அவர் வீட்டில் மாடியில் டிஷ் வைத்திருந்தார்கள். எங்கள் டிவிக்கு எல்லாம் இணையம் வழியாகச் சுற்றி வந்தது. மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நம்ம எட்டு மணியும் இப்படித்தான் வந்துச்சா?"

அதேதான். அரை நிமிடம் பழையதான நேரத்தை நான் நொடி பிசகாமல் கணினியில் ஏற்றியிருந்தேன்.

மறுநாள் காலை, நாங்கள் கேட்டுக்கொண்டபடி, கீழ்வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு தன் டிவி முன்னால் நின்றார். அவர் வீட்டு ஜன்னலும் எங்கள் ஜன்னலும் திறந்திருந்தன. கணினியில் 7:55 என்று அடித்துத் தயாராக வைத்திருந்தேன். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் குரல் வந்தது.

"சார், ரெடியா கீறியா? ஆவப்போது... ஆவப்போது... போடு!"

அழுத்தினேன். கணினியின் கடிகாரம் ஒரே தாவலாக முன்னே போனது. பிறகு எட்டு அடித்ததும் டிக்கெட்டுக்கு அழுத்தினேன். திரை வெளுத்தது, சுழன்றது, நின்றது. இரண்டு படுக்கை, உறுதி.

"கெடச்சிதா தங்கச்சி?"

"கெடச்சிருச்சுண்ணே! ஒண்ணு கீழ் பெர்த்து!"

அதற்குள் மனைவி தன் தங்கையைப் போனில் பிடித்துவிட்டாள்.

"படி வருதுன்னு ஒன் மாமியார்ட்ட இப்பவே சொல்லிரு. வெண்கலப் பானையும் உண்டு. கரும்பு மட்டும் அங்க வந்து வாங்கிக்கிடுதோம். ரயில்ல தூக்கிட்டு வர இவரு வெக்கப்படுவாரு."