ஒரு கரண்டி பஞ்சாமிர்தம்

என் மகள் தர்ஷினி யாருக்கும் வாயைத் திறக்க மாட்டாள். எங்கள் கஷ்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

அவளுக்கு ஆறு வயது. கடைவாயில் ஐந்து பற்கள் சொத்தை. போன மார்கழியில் வலது கன்னம் வீங்கி, கண்ணே பாதி மூடிப்போனது. சோறு இல்லை, தூக்கம் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருப்பதால், ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில், "பிள்ளைய இன்னும் காட்டலையா?" என்று என் மனைவி சரசுவிடம் கேட்பார்கள். அவள் கொழுந்துக்கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு போவாள்.

காட்டாமல் இல்லை. முதல் தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, பல் டொக்டரம்மாவின் விரலைக் கடித்துவிட்டுக் கதிரையிலிருந்து குதித்து ஓடினாள். இரண்டாம் தடவை, பயம் போக ஒரு பாணி மருந்து கொடுத்தார்கள். பாதியைத் துப்பினாள். மீதி உள்ளே போய் அவளைத் தூங்க வைப்பதற்குப் பதிலாக இன்னும் முரட்டுத்தனமாக்கியது. நாங்கள் மூன்று பேர் பிடித்தும் முடியவில்லை.

டொக்டரம்மா கோபப்படவில்லை. என்னை உட்கார வைத்து சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். மூக்கில் வைக்கும் ஒரு வாயு இருக்கிறதாம். பிள்ளை விழித்திருக்கும், பயம் மட்டும் குறையும். ஆனால் மூக்கில் வைத்ததைத் தட்டிவிடாமல் பிள்ளை மூச்செடுக்க வேண்டும். உங்கள் பிள்ளை அதற்கு ஒத்துக்கொள்ளாது என்றார். பாணி மருந்தைக் கூட்டிக் கொடுத்தால் கதிரையில் வைத்துப் பார்ப்பது ஆபத்து. மூன்றாவது வழி, தியேட்டரில் முழு மயக்கம். மூச்சைக் கவனிக்கத் தனியாக ஒரு டொக்டர் இருப்பார். ஐந்து பல்லையும் ஒரே தடவையில் பிடுங்கி முடித்துவிடலாம்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் நாள் கிடைத்தது. அதுவரை மாத்திரையில் ஓட்டினோம். வீக்கம் வற்றும், திரும்ப வரும். ஒவ்வொரு நாளும் எங்கள் தோட்டத்துக் கோயில் அம்மனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அந்தச் செவ்வாய் தவறக்கூடாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அதனால் லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும், மருந்துச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் வரும். அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி தமிழில் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. மயக்கத்துல வயித்துல இருக்கிறது மேல வந்து மூச்சுக்குள்ள போயிரும். உயிருக்கே மோசம்." நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்.

அன்று விடிகாலையில் பிள்ளை பசியில் சிணுங்கினாள். சரசு, "ஒரு மடக்கு வெறும் தேத்தண்ணி குடுக்கவாங்க? தேத்தண்ணி சாப்பாடா?" என்றாள்.

"படிச்சவன் எழுதி ஒட்டியிருக்கேன்ல, கண்ணு தெரியலையா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

போகும் வழியில் கோயில். எங்களுக்காகவே பூசாரி அண்ணன் நேரத்தோடு நடையைத் திறந்து அபிஷேகம் செய்திருந்தார். சரசு பையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் த்ரீவீலுக்குப் போய்விட்டாள். பூசாரி அண்ணன் பஞ்சாமிர்தக் கிண்ணத்தோடு வந்தார். நான் தயங்கினேன்.

"ஆத்தா குடுக்கிறது தம்பி. இன்னைக்குப் போயி வேணாம்னு சொல்லுவாங்களா?"

சொல்ல முடியவில்லை. பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்ன ஒருவரை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. பிரசாதத்தை நாங்கள் யாரும் சாப்பாட்டோடு சேர்த்து எண்ணுவதும் இல்லை. கரண்டியை வாங்கி நானே தர்ஷினியின் வாயில் வைத்தேன். இரண்டு மாதமாக யாருக்கும் திறக்காத வாயை அதற்கு நன்றாகத் திறந்தாள். "அப்பா, இன்னும்" என்றாள். இன்னொரு கரண்டியும் கொடுத்தேன்.

தெமோதரையில் பதுளை பஸ் ஏறியதும் பிள்ளை என் மடியில் தூங்கிப்போனாள். என் முகத்துக்கு நேரே அவளுடைய மூச்சு வந்துகொண்டிருந்தது. அதில் வாழைப்பழமும் ஏலக்காயும் மணத்தன. அப்போதுதான் மிஸ்ஸி சொன்னது எனக்குள் விழுந்தது. பக்கத்தில் சரசு கண்ணை மூடி அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் மிஸ்ஸி கேட்டார், "பிள்ளை ஏதாவது சாப்பிட்டாளா?"

எனக்கு முன்னால் சரசு முந்திக்கொண்டாள். "ஒரு சொட்டுத் தேத்தண்ணிகூட இல்ல மிஸ்ஸி. இவர் விடவே இல்ல." அவள் குரலில் அவ்வளவு பெருமை.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். நீட்டிய சம்மதப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்டதை எப்படி எழுதுவது? சொன்னால் கிடைத்த நாள் போகும். இன்னொரு நாள் கிடைக்க எத்தனை மாதமோ, அதற்குள் சீழ் எங்கே ஏறுமோ. காலையில் சரசுவை ஏசிய வாயாலேயே அவள் முன்னால் உண்மையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? இரண்டு கரண்டிதானே, அம்மன் பிரசாதம் கெடுதல் செய்யுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். எழுந்து வெளியே போகவும் முடியவில்லை. பிள்ளை என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள்.

சின்னப் பிள்ளை என்பதால் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மயக்கம் வரும்வரை ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள். "நீங்க போங்க. அவங்க பேசுறது உங்களுக்குத்தான் விளங்கும்" என்றாள் சரசு. பச்சை உடுப்பும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். கதவு எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது. உள்ளே குளிர். மயக்க மருந்து டொக்டர், ஒரு வயதானவர், முகமூடியைக் கையில் எடுத்து, பூ வாசம் வரும் என்று சைகையில் காட்டினார். தர்ஷினி உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணை மூடினேன். அன்றுவரை கேட்டதை நான் அப்போது கேட்கவில்லை. "ஆத்தா, நாள் போனாலும் போகட்டும். பிள்ளைய மட்டும் குடு. எனக்குச் சொல்ல வரல. நீ சொல்ல வை" என்று மனசுக்குள் வேண்டினேன்.

என் குரல் எனக்கே கேட்டது. "டொக்டர், பொறுங்க. நான் பொய் சொன்னேன். காலையில பிள்ளைக்குக் கோயில் பிரசாதம் குடுத்தேன். பழம், பால், நெய் எல்லாம் இருக்கு." பாதி சிங்களம், பாதி தமிழ். அந்தத் தைரியம் என்னுடையது இல்லை. அதை இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன்.

டொக்டர் முகமூடியைக் கீழே வைத்தார். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். என்னைப் பார்த்து, "இங்கே நிற்கும் அப்பாமார் எல்லாரும் இதைச் சொல்வதில்லை" என்றார். வீட்டுக்கு அனுப்பவில்லை. கடைசி ஆளாக மத்தியானத்துக்குப் பிறகு எடுப்போம், அதுவரை ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்.

வெளியே வந்து சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெதுவாக, "தேத்தண்ணிக்கு என்னா பேச்சுப் பேசினீங்க. ஊருக்கெல்லாம் வாசிச்சுச் சொல்ற ஆளு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் பிடித்திருந்த என் கையை அவள் விடவில்லை.

அந்தக் காத்திருப்பும் வீண்போகவில்லை. தனக்கு முன்னால் போன பிள்ளைகள் திரும்பி வருவதைத் தர்ஷினி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த வெலிமடைப் பையன் கண் விழித்ததும் அவனிடம் போய், "வலிச்சுச்சா?" என்று கேட்டாள். "தெரியல. தூங்கிட்டேன்" என்றான் அவன். எங்கள் முறை வந்தபோது என் தோளில் சாய்ந்துகொண்டு போனாள். முகமூடியைத் தட்டிவிடவில்லை. ஐந்து பல்லும் முடிந்து, பிற்பகல் மூன்றரைக்கு, "அப்பா, பசிக்குது" என்று என் மகள் கண் விழித்தாள்.

அந்த வாரமே கோயிலுக்குப் போனோம். நடந்ததைச் சொன்னபோது பூசாரி அண்ணன் சன்னதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நானும்ல குடுக்கச் சொன்னேன்" என்றார். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைக்கு அவர் விபூதி மட்டும் பூசுகிறார். பிரசாதத்தை வாழையிலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, "திரும்பி வந்து வாங்கிக்க. ஆத்தா எங்கேயும் போக மாட்டா" என்கிறார்.

அடுப்படிச் சுவரில் நான் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. படித்தவன் என்ற எண்ணம் தலைக்கு ஏறும்போது அதைப் பார்ப்பேன்.

என்னோடு கும்பிடும் உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். பயத்தில் அடைபட்டு நிற்கும்போது அம்மனைக் கூப்பிடுங்கள், நிச்சயம் வருவாள். அவள் உங்கள் வாயில் ஒரு வார்த்தையை வைத்தால், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும் அதை விழுங்கிவிடாதீர்கள். டொக்டரிடம் சொல்லுங்கள். எனக்கு அவள் செய்த உதவி அந்த வழியில்தான் வந்தது.

நாங்கள் திரும்பிப் போன அன்று கோயிலில் பூசாரி அண்ணன் வாழையிலையில் வைத்துப் பஞ்சாமிர்தத்தை நீட்டினார். தர்ஷினி பொக்கை தெரிய வாயைத் திறந்தாள். பிறகு சட்டென்று மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப சாப்பிடலாமா அப்பா?"

"இப்ப சாப்பிடலாம்மா" என்றேன்.