முன்னும் பின்னும் ஒரே தலை

இரண்டாக உடைந்த கீழ்ப் பல்செட்டின் துண்டுகளை விளக்கடியில் சேர்த்துப் பிடித்து, விரிசலின் மேல் சூடான மெழுகைச் சொட்டவிட்டாள். மயிரிழை பிசகினாலும் கடிக்கும்போது ஈறு புண்ணாகிவிடும். மெழுகு இறுகும்வரை விரல்கள் அசையவில்லை. இருபத்தாறு வருடமாக இதே வேலை. தெருவில் அவளுக்குப் பெயரே பல்செட்டுக்காரம்மா.

பல் அவள் அக்காவின் புருஷனுடையது. மத்தியானம் கழுவும்போது கைநழுவித் தொட்டியில் விழுந்துவிட்டதாம். அக்காதான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இப்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நாணயக் கண்காட்சிடி. அவர்தான் தொடக்கவுரை. பல்லில்லாமப் பேசினா பாதிப் பேச்சு காத்தாத்தான் போகும்."

"பல்லோட பேசும்போதும் பாதி காத்துதானேக்கா."

"ஆரம்பிச்சுட்டியா?"

மெழுகு இறுகியது. செட்டின் அடிப்பக்கத்தில் ஊற்றப் பிளாஸ்டரைக் கரைத்தாள். மேசையில் சிந்தாமலிருக்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அக்கா பல்லைச் சுற்றிக் கொண்டுவந்த காகிதத்தை எடுத்து நீவினாள். கண்காட்சியின் அழைப்பிதழ். நடுவில் ஒரு வெள்ளிக் காசின் படம், முன்பக்கமும் பின்பக்கமும்.

அவள் கையிலிருந்த பிளாஸ்டர் கிண்ணத்திலேயே இறுகிப்போனது.

காதோரம் பிறை மாதிரி ஒரு வெட்டு. தாடைக்குக் கீழே விளிம்புவரை ஓடும் கீறல். டெனாரியஸ் என்கிற ரோமானிய வெள்ளிக் காசு. அவளுடைய டெனாரியஸ். படத்தின் கீழே அச்சிட்டிருந்தது: "அரிய அச்சுப்பிழைக் காசு. எடை 3.71 கிராம். கண்டறிந்தவர்:" அதற்குப் பக்கத்தில் அத்தானின் பெயர், கொட்டை எழுத்தில்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், பழைய வெள்ளி வாங்கும் கடையில் உடைந்த கொலுசுகளுக்கு நடுவே அவள் பொறுக்கிய காசு அது. முன்பக்கம் மாலை சூடிய அரசன் தலை. பின்பக்கத்திலும் அதே தலை, ஆனால் குழிவாக, வலது இடமாகப் புரண்டு. மற்றவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். தினமும் வாயை அச்செடுத்து, மேட்டைக் குழியாகவும் குழியை மேடாகவும் பார்க்கிறவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முன்னால் அடித்த காசு, மேலிருந்து அடிக்கும் அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடுக்க மறந்துவிட்டு அடுத்த வெள்ளித் துண்டை வைத்து அடித்திருக்கிறார்கள். ஒட்டியிருந்த காசின் முகம் இதன் முதுகில் குழியாக இறங்கிவிட்டது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய எவனோ ஒருவனின் அவசரம்.

நாணயச் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் சொன்னாள். அத்தான் அங்கே நிபுணர். காசைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் சிரித்தார். "நம்ம மச்சினிச்சி கிட்ட பிளாஸ்டர் இருக்கு, மெழுகு இருக்கு, அடுப்பும் இருக்கு. பல்லு கட்டுறவங்க காசும் கட்டுறாங்க!" சபை விழுந்து விழுந்து சிரித்தது. போலி என்று சான்றிதழ் எழுதிக் கையில் கொடுத்தார். காசைத் திருப்பித் தரவில்லை. சங்க விதிப்படி உருக்கியாயிற்று என்றார். அதற்குப் பிறகு அவளைச் சங்கத்தில் சேர்க்கவில்லை. பழைய வெள்ளிக் கடைக்காரர்கூட "என்னம்மா, இன்னிக்கு என்ன வார்த்தீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். அவள் எதையும் மறக்கவில்லை.

"அக்கா, இந்தக் காசை உருக்கிட்டேன்னு சொன்னாரே?"

அக்கா அழைப்பிதழைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்."

"பீரோல இருந்துச்சுடி. நான் என்ன பண்றது? கேட்டா வீட்டுல ரகளை."

"பதினோரு வருஷமா என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போயிருக்கே."

"சின்னக் காசுடி அது. அதுக்குப் போய்…"

"சின்னதுதான். என் பேரும் சின்னதுதான். அதையும் சேர்த்துத்தான் பீரோல பூட்டினார்."

எழுந்து போய் நோயாளிகளின் கோப்புகளுக்கு நடுவிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து வந்தாள். அக்கா முகம் வெளுத்தது.

"இன்னுமா வெச்சிருக்கே?"

"செத்துப்போனவங்க பல் அளவையே பத்திரமா வெச்சிருக்கேன். இதை விடுவேனா?"

"பல்லைக் குடுக்கமாட்டியா? அவரை ஊர் முன்னாடி பொக்கை வாயா நிறுத்தப் போறியா?"

நல்ல யோசனைதான். அதைவிட நல்லதும் ஒன்று தோன்றியது. உள்பக்கம் கடுகளவு ஒரு மேட்டை விட்டுவிட்டால் போதும். மூன்றாவது வாக்கியத்தில் ஈறு கொப்பளிக்கும், பத்தாவதில் கண்ணீர் வரும். அதை நினைத்தபோது நாக்கில் இனித்தது. ஆனால் அத்தான் பாதியில் மேடையை விட்டு இறங்கிவிட்டால் அவளுக்கு என்ன லாபம்?

புதிதாகப் பிளாஸ்டர் கரைத்தாள். விரிசலை ராவி, இளஞ்சிவப்புப் பசை நிரப்பி, வேகவைத்து, மெருகேற்றினாள். கடைசியில் உள்பக்கத்தைத் தன் நாக்காலேயே தொட்டுப் பார்க்காத குறைதான், அவ்வளவு வழவழப்பு.

"இந்தா. ஒரு எழுத்துகூட வழுக்காது. நல்லாப் பேசச் சொல்லு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் மனசு யாருக்கும் வராதுடி."

"வரவே வேண்டாம்."

மறுநாள் காலை அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அத்தான் மணிமணியாகப் பேசினார். முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டது, எடுக்க மறந்தது, முதுகில் முகம் இறங்கியது என்று அன்று அவள் சொன்னதை வரிக்கு வரி சொன்னார். கைதட்டல் ஓய்ந்ததும் அவள் எழுந்து போய் மடித்த காகிதத்தை நீட்டினாள்.

"இந்தக் காசைப் பத்தி ஒரு பழைய குறிப்பு, அத்தான். உங்க கையெழுத்துதான். நான் கண்ணாடி எடுத்துட்டு வரலை. நீங்களே படிச்சிடுங்க."

தன் கையெழுத்து என்றதும் அவருக்குப் பெருமை. உரக்கத் தொடங்கினார். "முன்னும் பின்னும் ஒரே தலை. பின்பக்கம் குழிவு. காதருகே பிறை வெட்டு. எடை 3.71 கிராம்…" அங்கே நின்றுவிட்டார்.

"மேல படிங்க சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சங்கச் செயலாளர் எட்டிப் பார்த்து மிச்சத்தைத் தானே படித்தார். "மச்சினிச்சி வார்த்த போலி. உருக்கப்பட்டது."

அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

"போலின்னா பெட்டியிலேர்ந்து எடுத்துடுங்க," என்றாள். "நிஜம்னா என் கையில குடுங்க."

அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். பற்கள் கச்சிதமாகப் பொருந்தின. செயலாளர்தான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அவள் பையிலிருந்த சின்னத் தராசில் காசை வைத்தாள். 3.71. எல்லாரும் பார்க்கும்வரை எடுக்கவில்லை. பிறகு சான்றிதழையும் பேனாவையும் அத்தானிடம் நீட்டினாள்.

"போலின்னு சொன்னது தவறுன்னு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கடைசி வரிசையில் அக்கா தலை நிமிரவில்லை. அவர் எழுதினார். அவசரத்தில் எழுத்து கோணியது. படிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டாள், முடிந்தது. காசைப் பைக்குள் போட்டாள். பெட்டிக்குள் காசு இருந்த வெல்வெட் துணியின் மேல் சான்றிதழை விரித்து வைத்து, கண்காட்சி முடியும் மூன்று நாளும் அது அங்கேயே இருக்க வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தானே சாத்தினாள்.