ஆபீஸ் சேலை

ஆரோக்கியமணியக்கா செய்த தப்பு ஒன்றே ஒன்று. அரசாங்க ஆபீசுக்குப் போகிறோமே என்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் சரிகைக்கரை வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

கேம்ப் ஏரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து, முழங்கால் போனதும் நின்றவர். பெயின்டர் வேலை பார்த்த கணவர் இருதயராஜ் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஆதரவற்ற விதவைகளுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை வந்தால்தான் இனி அரிசியும் மருந்தும். அதிகாரியோ மனுவைப் பார்க்காமல் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கீங்க. கஷ்டப்படுறவங்க மாதிரி வாங்க," என்றார் மராத்தியில்.

கூடப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கந்தல் கட்டி வர வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

எங்கள் கோந்த்வா சந்தில் இதற்கென்றே ஒரு சேலை உண்டு. சாயம் போய், முந்தானை கிழிந்தது. பெயரே ஆபீஸ் சேலை. உதவித்தொகைக்காகப் போகிற பெண்கள் அதை மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். நல்ல சேலையைப் பெட்டியில் ஒளித்துவிட்டு வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது, வெட்கக்கேடு! உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்த பக்கத்து வீட்டுத் தர்மாம்பாளிடமிருந்து அதை வாங்கி அக்காவிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் போனால் கிழிசலைக் காணோம். துவைத்து, பொடித் தையலாகத் தைத்து, இஸ்திரியும் போட்டிருந்தார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"கிழிசலோட எப்படிடி வெளிய போறது? மனசு கேக்கல."

அதையே கட்டிக்கொண்டு போனோம். அதே மேசை, அதே பார்வை.

"திரும்பவும் இஸ்திரியா?"

மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, முந்தானையோடு சேர்த்து அவர் முன்னால் நீட்டினார் அக்கா. பேசியது இந்தியில்.

"தைக்கத் தெரிஞ்சவ ஏழையா இருக்கக் கூடாதா சாப்? எவ்வளவு கிழியணுமோ நீங்களே கிழிச்சுக்குங்க."

அதிகாரி கத்தரிக்கோலைத் தொடவில்லை. முகத்தைப் பார்க்காமல் மனுவில் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பா? மூச்சு விடவில்லை. என்னவோ அவர் வீட்டுப் பணத்தைக் கொடுக்கிற மாதிரி!

சாயங்காலம் சேலைக்காக வந்த தர்மாம்பாள், தையலைப் பார்த்ததும் அழாத குறை.

"என்னை நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்களே. உங்களுக்கு வாய் இருக்கு, பேசிட்டீங்க. நான் என்னக்கா பண்ணுவேன்?"

அக்கா ஆபீஸ் சேலையை மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"தீபாவளிக்கு எடுத்த சேலையக் கட்டிட்டு வா. கத்தரிக்கோல நான் கொண்டாறேன்."